சுவரில் தொங்கிய பெல்ட்

கராஜில் எதைக் கழற்றினாலும், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் முதியான்சே வீடு திரும்பமாட்டார். வெலிமடைப் பக்கத்தில் எல்லாரும் கேட்பார்கள்தான். புதுசு போட்டேன் என்று வாயால் சொன்னால் ஆச்சா, பழசைக் காட்டு என்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் வாங்கிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் எறிந்துவிடுவார்கள். முதியான்சே எறியமாட்டார். முன்னறைச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டுவார். தேய்ந்த பிரேக் ஷூ, வெடித்த ஹோஸ் பைப், உடைந்த பேரிங். சுவரில் இடமில்லாமல் அவர் மனைவி பொடிமெனிக்கே கல்யாணப் படத்தை அலமாரிக்குள் துணியோடு துணியாக வைத்திருந்தாள்.

அந்தச் சுவருக்கு நடுவில், புத்தர் படத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு டைமிங் பெல்ட் தொங்கியது. ரெண்டு வருஷமாகத் தொங்கியது.

முதியான்சேயின் வேன் பழைய டவுன்ஏஸ். ரஹங்கொல்ல கிராமத்திலிருந்து வெலிமடைக்குப் பதினாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகிற வேன். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால்தான் அதன் முகத்தையே பார்க்கலாம். டைமிங் பெல்ட் என்பது அந்த எஞ்சினின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் அது சொல்லிக்கொண்டு அறுவதில்லை. ஓடுகிற ஓட்டத்தில் அறும். எஞ்சின் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

மீட்டர் ரெண்டு லட்சத்தைத் தொட்டதும் முன்பலகையில் பெல்ட் லைட் எரிந்தது. முதியான்சே மருமகன் லலந்தவின் கராஜுக்குத்தான் போனார். மருமகன் என்பதற்காக நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஒரு ஸ்டூலைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கிராமசேவகரின் தாய் செத்த வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போய்வந்தார். திரும்பி வந்தபோது மூடி பூட்டியாகியிருந்தது. லலந்த பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்தான். லைட் அணைந்திருந்தது. சீட்டுக்கு அடியில் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது: பெல்ட் மாற்றியது, 2,00,120. முதியான்சே அட்டையைப் படித்தார், லைட்டைப் பார்த்தார், பெல்ட்டைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். அவருக்கு வேண்டியது மூன்றும் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு லலந்தவுக்கு ஒரு பழக்கம் வந்தது. தினமும் காலை ஏழு பத்துக்கு போன் அடிப்பான். "மாமா, பள்ளிக்கூடம் போய்ச் சேந்தாச்சா?" அவனுடைய மகள் ஓஷதி அதே வேனில்தான் போகிறாள், தாத்தாவுக்குப் பக்கத்து முன் சீட்டில். மகள் மேல் உயிராக இருக்கிறான் என்று பொடிமெனிக்கே உருகுவாள். முதியான்சேயும் அதில் மட்டும் சந்தேகப்படவில்லை.

இந்த வருஷம் வேன் தண்ணீர் விட ஆரம்பித்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் குழந்தை மூத்திரம் போனது மாதிரி ஒரு ஈரம். லலந்தவிடம் காட்டினார். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வாட்டர் பம்ப்ல சின்னக் கசிவு மாமா. இப்ப திறக்கவேணாம்" என்று ரேடியேட்டருக்குள் ரெண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கொட்டினான். பத்து நாள் நின்றது. பிறகும் ஒழுகியது. மறுபடி மஞ்சள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்பொக்க ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பி, பதினாலு பிள்ளைகளும் இறங்கி ஒரு மைல் நடந்தார்கள். ஒரு தாய் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமையும் இப்படின்னா நாங்க வேற வேன் பார்த்துக்குறோம்."

சனிக்கிழமை காலை லலந்த, "அடுத்த மாசம் பார்ப்போம் மாமா, கை நிறைய வேலை" என்றான். கராஜில் ஒரேயொரு மோட்டார் சைக்கிள்தான் நின்றது.

வெலிமடையில் டீசல் வேன் திறக்கத் தெரிந்த இன்னொரு மெக்கானிக் எட்வின் பாஸ் மட்டும்தான். முதியான்சே அவரோடு பேசி ஒன்பது வருஷம். எட்வின் தன் வேனில் புது டைனமோ என்று சொல்லிப் பழையதைப் பூட்டிவிட்டான் என்று விகாரைச் சபையில், நாற்பது பேர் நடுவில், எழுந்து நின்று சொன்னவர் முதியான்சே. அன்றைக்குப் பாதிப் பேர் எட்வினிடம் போவதை நிறுத்தினார்கள். அவர்களில் பலர் பிறகு லலந்தவிடம் போனார்கள்.

எட்வின் பாஸ் வாசலில் உட்கார்ந்து கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். வேன் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"வழி தவறிட்டியா ஓய்? மருமகன் கடை அந்தப் பக்கம்."

"வழி எனக்குத் தெரியும். வாட்டர் பம்ப் ஒழுகுது. பம்பை மட்டும் மாத்தணும். வேற எதுலயும் கை வைக்கப்படாது."

"சீக்காளியே மருந்துச் சீட்டும் எழுதிக்கிட்டு வந்துட்டாரு. பின்ன நான் எதுக்கு, நாடி பிடிக்கவா?"

"முடியுமா முடியாதா?"

எட்வின் கடைசி மிடறு வரை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு வந்து சீட்டைத் தூக்கினார். டார்ச் அடித்துப் பார்த்து, பெல்ட் மூடிக்குக் கீழே விரலை ஓட்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னாய்யா இது, கறி வாசம் அடிக்குது?"

"மஞ்சள்."

"யாரு போட்டா?"

முதியான்சே குனிந்து டயரைப் பார்த்தார்.

"உப்பு போட மறந்துட்டானா?" எட்வின் விரலைத் துணியில் துடைத்தார். "கேட்டுக்க. இந்த எஞ்சின்ல பம்பைச் சுத்துறதே டைமிங் பெல்ட்டுதான். பம்பைக் கழட்டணும்னா பெல்ட்டைக் கழட்டியாகணும். கழட்டுன பழைய பெல்ட்டைத் திருப்பி மாட்டுற வேலை எங்கிட்ட கிடையாது. ரெண்டும் சேர்த்துத்தான். இஷ்டம்னா விடு, இல்லாட்டி தள்ளிக்கிட்டுப் போ."

"ஆரம்பிச்சிட்டியா? ஒண்ணு கேட்டா ரெண்டு விக்கிறவன்தானே நீ. பெல்ட்டு புதுசு. ரெண்டு வருஷம். முப்பத்தொம்பதாயிரம்தான் ஓடியிருக்கு. லட்சம் ஓடும்."

"பம்புத் தண்ணி அது மேல சொட்டியிருக்கு. தண்ணி குடிச்ச பெல்ட்டு லட்சத்தையும் பார்க்காது, பஞ்சாங்கத்தையும் பார்க்காது. அது சரி, மாத்துனதுக்கு என்னா சாட்சி?"

"இந்தா, அட்டை."

"எழுதத் தெரிஞ்சவன் என்னா வேணா எழுதுவான். நான் மந்திரின்னு நெத்தியில எழுதிக்கிறேன், சலூட் அடிப்பியா?"

"லைட்டு அணைஞ்சிருக்கே! அது பொய்யா?"

"மீட்டருக்குப் பின்னால ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைக் கழட்டி அடுத்த ஓட்டையில போட்டா லைட்டு அணைஞ்சிடும். ரெண்டு நிமிஷ வேலை. லைட்டு கிலோமீட்டரை எண்ணுது. பெல்ட்டை அது எங்கய்யா கண்டுச்சு?"

முதியான்சேக்குக் காது மடல் சூடானது. "பழைய பெல்ட்டு எங்கிட்ட இருக்குடா! என் வீட்டுச் சுவத்துல இருக்கு! உன் மூஞ்சியில எறியுறேன், இரு!"

"கொண்டா. மூஞ்சி எங்கயும் போகாது."

முச்சக்கரவண்டி பிடித்துப் போனார். பெல்ட்டை ஆணியிலிருந்து பிடுங்கிய வேகத்தில் பேரிங் ஒன்று கீழே விழுந்து உருண்டது. பொடிமெனிக்கே என்னவென்று கேட்டதற்கு, "அந்தக் கள்ளனுக்கு இன்னைக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அதே வண்டியில் திரும்பினார். அதற்குள் எட்வின் சாமான் கடையிலிருந்து ஒரு புது பெல்ட் பெட்டியையும் ஒரு பம்ப் பெட்டியையும் வாங்கிவந்து மேசையில் வைத்திருந்தார். அந்தத் திமிர் முதியான்சேக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பெல்ட்டை மேசையில் ஓங்கி அடித்தார்.

எட்வின் அதைக் கையில் எடுத்தார். புதுப் பெட்டியைப் பிரித்தார். ரெண்டு பெல்ட்டையும் ஒரே ஆணியில் சேர்த்து மாட்டினார். தள்ளி நின்றார்.

புதுசு, பழசைவிட ஒரு சாண் கீழே தொங்கியது. அகலமும் ஒன்றில்லை. பழசு அரை விரல் குறைச்சல்.

"பெல்ட்டு தேயும் ஓய்," என்றார் எட்வின். "ஒரு சாண் சுருங்காது. இது ஏதோ சின்னக் காரோட பெல்ட்டு."

"நீ வேணுமின்னே தப்பான பெட்டியை வாங்கியிருக்க."

"அப்ப திறந்து பார்த்துருவோம். உள்ள கிடக்குறது ரெண்டு வருஷப் பெல்ட்டா இருந்தா, பம்பை நான் சும்மா போட்டுத்தாரேன். இல்லேன்னா வர்ற பௌர்ணமி போயாவுக்கு நீ விகாரையில எழுந்து நிக்கணும். அன்னைக்கு நின்ன அதே இடத்துல நின்னு, டைனமோ புதுசுன்னு சொல்லணும்."

"திற."

மேல் மூடிக்கு நாலைந்து போல்ட்தான். எட்வின் கழற்றிவிட்டு ஒதுங்கினார். "நீயே பாரு. நான் பார்த்துச் சொன்னா, என் கண்ணும் கள்ளக் கண்ணுன்னு சொல்லுவ."

முதியான்சே டார்ச்சை வாங்கிக் குனிந்தார். பெல்ட்டின் முதுகில் ஜப்பான் எழுத்து, பாதி அழிந்து தெரிந்தது. முதுகு முழுக்க, வறண்ட குளத்துத் தரை மாதிரி வெடிப்பு. ஒரு ஓரம் மஞ்சள் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. பம்பு கசிந்த பக்கம் அது. விரலால் தொட்டார். ரப்பர் தூள் விரலோடு வந்தது.

எட்வின் மூடியின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எழுத்து ஜப்பான்காரன் எழுத்து, இலக்கம் உலகத்துக்கெல்லாம் பொது இலக்கம்: 98,240. வேன் ஜப்பானிலிருந்து இங்கே கப்பலில் வருவதற்கு முன் அங்கே ஒருவன் பெல்ட் மாற்றி, மாற்றியதை ஒழுங்காக எழுதி ஒட்டியிருக்கிறான். முதியான்சே படித்தது ஆறாம் வகுப்பு. ஆனாலும் இந்தக் கழித்தல் கணக்குக்கு அது போதும். மீட்டரில் இப்போது ரெண்டு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். அந்த பெல்ட் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியிருக்கிறது. கடைசி முப்பத்தொன்பதாயிரம், பதினாலு பிள்ளைகளோடு.

"இது அறுந்தா எஞ்சின் போகும், அவ்வளவுதானே" என்றார்.

"தட்டைத் தெருவுல அவ்வளவுதான். கல்பொக்க இறக்கத்துல எஞ்சின் நின்னா பிரேக் கல்லாயிரும் ஓய். ரெண்டு மிதி, மூணு மிதி, அதுக்கப்புறம் ஏறி நின்னாலும் இறங்காது. இந்த சீட்டுல யாரு உக்காருவா?"

"பேத்தி."

எட்வின் வேறு பக்கம் பார்த்துத் துப்பினார்.

பிறகு வேனுக்கு அடியில் படுத்தார். பெரிய புல்லியின் நடு போல்ட்டில் வெளிச்சம் பட்டதும் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "வா, இதையும் பாரு. ஆறு மூலையில நாலு மூலை உருண்டு போயிருக்கு. யாரோ இதோட மல்லுக்கட்டித் தோத்திருக்கான். இது கழண்டாத்தான் கீழ் மூடி கழரும், அப்பத்தான் பெல்ட்டு வெளிய வரும். உன் மருமகன் கள்ளன் இல்ல ஓய். ஏலாதவன்."

செத்த வீட்டிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம் முதியான்சேக்கு ஞாபகம் வந்தது. லலந்த கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு சுருக்காக முடித்துவிட்டான் என்று அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஏழு பத்து போன்.

ஒருநாள் தவறாத போன். போய்ச் சேர்ந்தாச்சா, போய்ச் சேர்ந்தாச்சா. அது பாசம் என்று ரெண்டு வருஷம் நினைத்திருந்தார். அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் காலையில் பிள்ளையை ஏற்றிவிட்டு, ஏழு பத்து வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"பைப்பைப் பிடி" என்றார் எட்வின். "என்னா மரம் மாதிரி நிக்கிற?"

உருண்ட தலைக்கு ஒரு சாக்கெட்டை அடித்து ஏற்றி, கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாயைச் சொருகியிருந்தார். ரெண்டு கிழவர்களும் ஒரே குழாயைப் பிடித்தார்கள். ஒன்பது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள்.

"இழுய்யா! விகாரையில எழுந்து நின்ன பலம் எங்க போச்சு?"

"நீ இழுடா முதல்ல, தொங்கிக்கிட்டு நிக்காம!"

"மூச்சு வாங்குது பாரு. வாய் மட்டும்தான் வேலை செய்யுது!"

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போல்ட் விட்டது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

பெல்ட் வெளியே வந்தபோது மூன்று பல் இல்லை. முதியான்சே அதை ரெண்டாக மடித்தார். மடிப்பில் ரப்பர் பிளந்து உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது. பம்பைக் கையால் சுற்றினார் எட்வின். பழைய திருகைக் கல் மாதிரி கரகரவென்றது.

"டைனமோ புதுசுன்னு சொல்றேன்," என்றார் முதியான்சே, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ நல்லவன்னு சொல்லமாட்டேன்."

"சொல்லிராத. உன் வாயால அந்தப் பேரு வாங்கினா, அந்தப் பேரே நாறிப்போகும்."

புது பெல்ட் ஏறுவதற்கு முன் முதியான்சே வெள்ளை பெயிண்ட் கேட்டார். பெல்ட்டின் முதுகில் தன் பெயரின் முதல் எழுத்தைக் குச்சியால் எழுதினார். "கழுத்துல ஒரு மணியும் கட்டிவிடு" என்றார் எட்வின். புது பம்ப் ஏறியது, பெல்ட் ஏறியது. எட்வின் எஞ்சினைக் கையாலேயே ரெண்டு சுற்றுச் சுற்றி, மேல் குறியும் கீழ்க் குறியும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று பார்த்தார். வெள்ளை எழுத்து மேலே வந்து, உள்ளே போய், திரும்பவும் மேலே வந்தது. மூடி பூட்டி முடியும்வரை முதியான்சே அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மூத்திரம் முட்டியது. அப்போதும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பொடிமெனிக்கேயிடமும் சொல்லவில்லை. கிழிந்த பெல்ட்டை வெறும் ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆறரை. லலந்தவின் வாசலில் வேன் நின்றது. ஓஷதி வெள்ளை யூனிஃபார்மில் நின்றாள். முதியான்சேயின் மகள் சுனேத்ரா சோற்றுப் பொட்டலத்தைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். லலந்த பல் துலக்கிக்கொண்டு வந்தான். முதியான்சே இறங்கி, சின்னக் காரின் அந்தப் பெல்ட்டை அவன் கையில் வைத்தார்.

"இந்தா, உன் பெல்ட்டு. என் வேனோடது இல்ல இது."

லலந்தவின் வாயில் பல் துலக்கிய நுரை அப்படியே நின்றது. துப்பினான். மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, அன்னைக்கு அந்த போல்ட்டு அசையவே இல்ல."

"அதைச் சொல்ல வாய் இல்லையா?"

"யார்கிட்ட சொல்றது? உங்ககிட்டயா? எட்வின் பாஸைக் கள்ளன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அந்த டைனமோ புதுசுன்னு எனக்கே தெரியும் மாமா, நான் கழட்டிப் பார்த்திருக்கேன். போல்ட்டு கழட்டத் தெரியாதவன்னு என்னையும் விகாரையில எழுந்து நின்னு சொல்லியிருக்கமாட்டீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றார் முதியான்சே. "இன்னும் சொல்வேன்."

ஓஷதி ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். லலந்த கதவைப் பிடித்தான். "மாமா... உள்ள மாத்தியாச்சா?"

முதியான்சே சுற்றிவந்து ஏறி, சாவியைத் திருப்பினார்.

"மாமா, மாத்தியாச்சான்னு கேக்குறேன்!"

"என்னத்தை மாத்துறது?" என்று வாசலிலிருந்து கேட்டாள் சுனேத்ரா.

லலந்த முன் சீட்டில் இருந்த மகளைப் பார்த்தான். பிள்ளையை இறங்கச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று சுனேத்ரா கேட்பாள். கேட்டால் ரெண்டு வருஷத்தையும் வாசலில் கொட்டவேண்டும். அவன் கை கதவின் மேல் இருந்தது. பிறகு இல்லை.

"ரெண்டு வருஷம் நீ சொல்லல," என்றார் முதியான்சே கியரைப் போட்டபடி. "இன்னைக்கு நான் சொல்லமாட்டேன்."

மற்றப் பிள்ளைகளையும் வழியில் ஏற்றிக்கொண்டு கல்பொக்க உச்சிக்கு வரும்போது ஆறு ஐம்பது. போன் அடித்தது. ஏழு பத்து ஆகவில்லை. முதியான்சே எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. முள் நடுவில் அசையாமல் நின்றது, எஞ்சின் சீட்டுக்கு அடியில் ஒரே சீராக ஓடியது.

"தாத்தா, அப்பா கூப்பிடுறாரு."

"கூப்பிடட்டும்."

"எடுக்கலியா?"

"இறக்கத்துல போன் எடுக்கப்படாது" என்றார் முதியான்சே.

இறக்கம் முடிந்து, பாலம் தாண்டி, பள்ளிக்கூட வாசலில் பதினாலு பிள்ளைகளும் இறங்கிப்போன பிறகும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சரியாக ஏழு பத்துக்கும் அடித்தது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்ந்தது. திரும்ப அடித்தது.